ஏர் ரைஃபிள் குழலில் குரோனோகிராஃப் பொருத்துவது எப்படி: சேலத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வாங்கிய முதல் வாரத்தில் என் குறிப்பேட்டில் நான் எழுதிய எண்கள் இவை: 262, 198, 241, பிறகு ஒரு வெற்றிடம், மீண்டும் 207. எல்லாம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கு. ஒரே துப்பாக்கி, ஒரே டப்பாவின் குண்டுகள், ஒரே மாலைப்பொழுது. கருவிதான் கெட்டது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைத் தேடினேன். பிழை இரண்டு இடங்களில் இருந்தது. இரண்டும் என் கைவேலை. முந்தைய நாள் துப்பாக்கியின் காற்றுத் துளைக்குள் தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டிருந்தேன் என்பது ஒன்று. கருவியைக் குழலில் கட்டிய பட்டை ஒவ்வொரு சுடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது என்பது மற்றொன்று. கருவி சொன்னதில் பெரும்பகுதி உண்மையே. என்ன கேட்டேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

குரோனோகிராஃப் என்பதன் வேலை எளியது. குறிப்பிட்ட இடைவெளியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். முதல் சென்சாரைக் குண்டு கடக்கும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதைக் கடக்கும்போது நிற்கும். இடைவெளியை நேரத்தால் வகுத்தால் வேகம். சென்சார்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்றும் குண்டு நொடிக்கு 200 மீட்டர் போகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய நேரத்தை அளப்பது இன்றைய மின்னணுவியலுக்குச் சிரமமே இல்லை. சிரமமெல்லாம் அந்த 10 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. கருவி ஆடினால், குண்டு அதன் ஓரத்தை உரசினால், குண்டுக்கு முன்னால் புகையோ காற்றோ சென்சாரைக் கடந்தால், எவ்வளவு நல்ல கடிகாரமும் தவறான கேள்விக்கே சரியான விடை சொல்லும். ஆகவே இக்கட்டுரையில் பொருத்தும் வேலைக்கே அதிக இடம் தருகிறேன்.

கருவிகளில் மூன்று வகை புழக்கத்தில் உள்ளன. ஸ்டாண்டில் தனியாக நிறுத்தி, வானத்து வெளிச்சத்தில் குண்டின் நிழலைப் பார்ப்பது ஒன்று. துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து, குண்டில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு வேகத்தை அறியும் டாப்ளர் ரேடாரால் குண்டைத் தொடர்வது இரண்டாவது. லேப்ராடார், 2023இல் வந்த கார்மின் ஸெரோ ஆகியவை இவ்வகை, விலையும் அதற்கேற்றாற்போல இருக்கும். குழலின் வாயிலேயே நேரடியாகப் பொருத்துவது மூன்றாவது. வீட்டு மாடியிலும் எஸ்டேட் கொட்டகையிலும் பழகும் நம் ஊர்க்காரர்களுக்கு மூன்றாவது வகைதான் பெரும்பாலும் கைக்கெட்டுகிறது. சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை, சரிவான நிலத்தில் ஸ்டாண்டுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுமில்லை.

பொருத்துவதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும், ஏனெனில் நம் நாட்டில் குரோனோகிராஃப் வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும் குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் வேண்டும். குழல்விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் பார்த்துவிடலாம். ஆற்றலைக் கண்ணால் பார்க்க முடியாது. குண்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் வரும். எடை கிலோகிராமிலும் வேகம் நொடிக்கு மீட்டரிலும் இருக்க வேண்டும். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 275 மீட்டரில் கிளம்பினால் சரியாக 20 ஜூலை எட்டிவிடும். 0.68 கிராம் குண்டென்றால் 242 மீட்டரிலேயே எல்லை வந்துவிடும். வர்க்கம் என்பதால், வேகத்தில் ஒரு விழுக்காடு பிழை ஆற்றலில் இரண்டு விழுக்காடாகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் கூட்டித் தருவது உங்கள் சட்டச் சிக்கலைத்தான்.

இடமும் முக்கியம். ஏற்காட்டில் காபித் தோட்டம் என்றாலே துப்பாக்கி பழகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தோட்டத்தின் வேலிக்கு அப்பால் காப்புக்காடாக இருக்கலாம். காட்டெருது வரும், மிளகு பறிப்பவர்கள் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து நிற்பார்கள். உரிமையாளரின் அனுமதியோடு, பின்னால் மண்மேடோ கற்சுவரோ உள்ள இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், பெட்டிக்குள் களிமண் அடைத்த குண்டுப்பொறியை நோக்கி மட்டுமே சுடுங்கள். வேகம் அளப்பதற்கு ஐந்து மீட்டர் தூரம் போதும். மூடிய கொட்டகையே உத்தமம். எந்த உயிரையும் குறி வைப்பது இங்கே பேச்சே இல்லை. கொண்டையூசி வளைவுகள் இருபதையும் ஏறும்போது துப்பாக்கி உறைக்குள், குண்டில்லாமல், வாங்கிய ரசீதின் நகலோடு இருக்கட்டும். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கேட்டால் விளக்கிச் சொல்ல வசதியாக இருக்கும்.

முதல் வேலை துப்பாக்கியில் இல்லை, தராசில் இருக்கிறது. கருவியில் குண்டின் எடையைப் பதிவு செய்தால்தான் அது ஆற்றலைச் சொல்லும். டப்பாவின் மேல் அச்சிட்ட எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஆனால் மலிவான குண்டுகளில் வேறுபாடு அதிகம். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் யாராவது ஒருவர் எல்லோருக்கும் தெரிந்தவராக இருப்பார், அவருடைய மேசையில் 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கும். ஒரே ஒரு குண்டை அதில் வைத்தால் கடைசி இலக்கத்தின் தள்ளாட்டமே இரண்டு விழுக்காடு ஆகிவிடும். ஆகையால் ஐம்பது குண்டுகளைச் சேர்த்து நிறுத்து, ஐம்பதால் வகுக்க வேண்டும். நான் போனபோது பட்டறைக்காரர், “எண்ணிட்டுத்தானே வந்தீங்க? இல்ல, நான் ஒருவாட்டி எண்ணட்டுமா?” என்று கேட்டார். அவர் தொழிலில் அது இயல்பான கேள்வி. எண்ணியதில் 49தான் இருந்தது. ஐம்பது குண்டுகள் 25.60 கிராம் என்றால் ஒன்று 0.512 கிராம். கருவி கிரெய்ன் கணக்கில் கேட்டால், ஒரு கிரெய்ன் 0.0648 கிராம் என்று கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் குண்டு 7.9 கிரெய்ன் ஆகும். குண்டு ஈயம் என்பதால், எண்ணிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பட்டறைக்காரர் தரும் டீயைத் தொட வேண்டும்.

இனிப் பொருத்துதல். மேசையின் மேல் பழைய துண்டை விரித்துத் துப்பாக்கியைக் கிடத்துங்கள்; குழல் ஆளில்லாத சுவரை நோக்கி இருக்கட்டும். குழலை மடக்கும் ஸ்பிரிங் வகையாக இருந்தால், ஸ்பிரிங் இறுகும் அளவுக்கு மடக்காமல், பூட்டு விடுபடும் அளவுக்கு மட்டும் குழலைச் சற்றே திறந்து உள்ளே குண்டு இல்லையென்று கண்ணால் பாருங்கள். அழுத்தக் காற்று உருளை கொண்ட பிசிபி வகையாக இருந்தால், குண்டுப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து பாருங்கள். சந்தேகத்துக்கு ஒருமுறை சுட்டுப் பார்த்துவிடலாம் என்ற பழக்கம் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஆகாது. முன்னே குண்டில்லாமல் விடுபடும் பிஸ்டன், தடுக்கும் காற்று மெத்தை இன்றி உருளையின் முனையில் மோதி, சீலையும் ஸ்பிரிங்கையும் கெடுத்துவிடும்.

அடுத்துக் குழலின் வெளிவிட்டத்தை வாயிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் வரை இரண்டு மூன்று இடங்களில் வெர்னியரால் அளக்க வேண்டும். பல குழல்கள் வாயை நோக்கிச் சற்றே சிறுத்துக்கொண்டு போகும். அப்படிச் சிறுக்கும் குழலில், கருவியைக் குழலோடு பிடிக்கும் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் அது முன்னோக்கி வழுக்கவே பார்க்கும். குறி பார்க்கக் குழலின் முனையில் இருக்கும் முன்குறி வாயின் மேலேயே அமைந்திருந்தால் அதுவும் இடைஞ்சல். திருகால் பிடித்திருக்கும் குறியைக் கழற்றி வைத்துவிடலாம். ஆணியடித்துப் பதித்ததை நோண்ட வேண்டாம். அந்தத் துப்பாக்கிக்கு ஸ்டாண்டில் நிற்கும் வகைதான் பொருத்தம் என்று விட்டுவிடுங்கள். சிலர் முன்குறியின் பிளாஸ்டிக் உறையின் மேலேயே பட்டையைக் கட்டுகிறார்கள். அந்த உறையே ஆடும்; ஆடுவதன் மேல் கட்டிய எதுவும் ஆடும்.

குழலுக்கும் கிளாம்புக்கும் இடையே மெல்லிய ரப்பர் வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் போதுமானது. அது குழலின் கறுப்புப் பூச்சையும் காக்கும், வழுக்கலையும் தடுக்கும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் ரப்பரே ஸ்பிரிங் போல நெகிழத் தொடங்கும். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி நிற்க வேண்டும், ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் கருவி தூக்கி நிற்கும். கிளாம்பில் இரண்டு திருகுகள் இருந்தால் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போகாமல், கார்ச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவதுபோல மாற்றி மாற்றிக் கால் சுற்று முடுக்குங்கள். கையால் முறுக்கினால் திரும்பக் கூடாது. அதற்கு மேல் இறுக்குவதில் பயனில்லை. குழலின் வாய்க்கும் கருவியின் துளைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதை அந்தந்தக் கருவியின் கையேடு சொல்லும். பொதுவாகக் குண்டின் பின்னால் வரும் காற்று விலகிச் செல்ல இடம் வேண்டும். பிசிபி துப்பாக்கியில் அந்தக் காற்று அதிகம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

நேர் பார்ப்பதுதான் வேலையின் உயிர். இதற்கு 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள, வளையாத, மென்மையான ஒரு கோல் வேண்டும். பிளாஸ்டிக் பூசிய துப்புரவுக் கோலோ, நன்றாக இழைத்த மூங்கில் குச்சியோ ஆகலாம். இரும்புக் கம்பி கூடாது, குழல்வாயின் விளிம்பில் விழும் சிறு கீறலும் குண்டின் போக்கைக் கெடுக்கும். கோலின் வெளிமுனையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே மறந்துவிடாமல் இருப்பதற்காக. கருவியின் முன்துளை வழியாக நுழைத்துக் குழலுக்குள் ஒரு சாண் போகும்வரை மெதுவாகத் தள்ளுங்கள். கருவியின் துளைச்சுவரில் எங்கும் தட்டாமல் கோல் போனால் பாதி வெற்றி. இப்போது முன்னால் இருந்து பார்த்தால், கோலைச் சுற்றியுள்ள வெளி நாற்புறமும் ஒரே அளவாகத் தெரிய வேண்டும். கீழே ஒட்டியும் மேலே விலகியும் இருந்தால், கருவியின் எடையால் முனை தொங்குகிறது என்று பொருள். கிளாம்பின் அடிப்பக்கம் ஒரு துண்டு ட்யூபைக் கூட்டியோ குறைத்தோ சரி செய்யலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. கருவி ஒன்றிரண்டு பாகை சாய்ந்திருந்தால் வேகம் தவறாகக் காட்டும் என்று பலர் அஞ்சுகிறார்கள். குண்டு சாய்வாகக் கடந்தால் அது போகும் தூரம் சற்றே கூடும், ஆனால் இரண்டு பாகைச் சாய்வில் அந்தக் கூடுதல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேர் பார்ப்பது வாசிப்புத் துல்லியத்துக்காக அல்ல. குண்டு கருவியின் உடம்பை உரசாமல் வெளியேறுவதற்காக. உரசிய குண்டு எங்கே திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, கருவியும் அன்றோடு போய்விடும். கோல் சோதனை முடிந்தபின் அதை உருவிவிட்டு, கருவியின் முன்வாயில் மெல்லிய பட்டுத்தாளை ஒட்டி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, குண்டுப்பொறியை நோக்கி ஒருமுறை சுடுங்கள். தாளில் விழும் ஓட்டை நடுவில் இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஓரத்தில் இருந்தால் மீண்டும் கோலை எடுங்கள்.

நேர் கிடைத்ததும், கிளாம்பின் பின்விளிம்பை ஒட்டிக் குழலில் வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். என் முதல் வாரத்தை இந்தக் கோடு காப்பாற்றியிருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை மற்றத் துப்பாக்கிகளைப் போன்றதன்று. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே வரும், பிஸ்டன் முனையில் நிற்கும்போது துப்பாக்கி சட்டென்று முன்னே இழுக்கும். மற்றத் துப்பாக்கிக்கென்று செய்த தொலைநோக்கிகளே இந்த முன்னிழுப்பில் உடைவதுண்டு. அந்த இழுப்பு ஒவ்வொன்றும் கருவியை மயிரிழை மயிரிழையாக முன்னே நகர்த்தும், நகர நகர அது தொங்கவும் தொடங்கும். ஐந்து முறை சுட்டதும் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கும் கிளாம்புக்கும் இடையே வெளி தெரிந்தால் அந்த ஐந்து எண்களையும் அடித்துவிட்டு மீண்டும் பொருத்துங்கள்.

மடக்கும் குழலில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைக் கையேடுகள் போதிய அளவு சொல்வதில்லை. வழக்கமாகக் குழலின் நுனியைப் பிடித்துத்தான் மடக்குவோம். இப்போது நுனியில் கருவி இருக்கிறது. பழக்கத்தால் கை கருவியையே பிடித்து இழுக்கும், ஒரே இழுப்பில் நேர் போய்விடும். கருவிக்குப் பின்னால் குழலைப் பிடிக்க வேண்டும். நெம்பும் நீளம் குறைவதால் பலம் கூடுதலாகத் தேவைப்படும். உள்ளங்கை எந்தக் கட்டத்திலும் குழல்வாய்க்கு முன்னால் வரக் கூடாது. இறுகிய ஸ்பிரிங்கோடு குழல் கையை விட்டு நழுவினால் விரலுக்கு உத்தரவாதமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும், குட்டைக் குழல் வைத்திருப்பவர்களுக்கும் ஸ்டாண்டில் நிற்கும் வகையையே நான் பரிந்துரைப்பேன், விலை சற்றுக் கூடினாலும்.

ஸ்டாண்ட் வகைக்குச் சில வரிகள் போதும். குழல்வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை அதன்மேல் வைத்து, குண்டின் பாதைக்கு இணையாக நிறுத்துங்கள். குண்டு சென்சாருக்குச் சில விரற்கடை மேலே கடக்கட்டும். சேலத்து நடுப்பகல் வெயில் நேராகச் சென்சாரில் விழுந்தால் அது குருடாகும், வெள்ளைச் சிதறுதட்டை மேலே பொருத்த வேண்டும். மெல்லிய மேகம் மூடிய ஏற்காட்டு வானம் இதற்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விளக்கு. அந்த மேகமே கீழிறங்கிக் கொட்டகைக்குள் நுழையும்போது மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். வீட்டுக்குள் ட்யூப்லைட்டின் கீழ் அளக்காதீர்கள். நம் மின்சாரத்தில் அது நொடிக்கு நூறு முறை மினுங்கும், சென்சார் அதையும் குண்டாக எண்ணக்கூடும். குழலில் பொருத்தும் வகை தன் சொந்த அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் இத்தொல்லை குறைவு, ஆயினும் துளைக்குள் வெயில் நேராக விழாதபடி நிழலில் நில்லுங்கள்.

கருவியை இயக்கி, அலகு நொடிக்கு மீட்டரா அடியா என்று பாருங்கள். மீட்டரை 3.28ஆல் பெருக்கினால் அடி. 650 என்ற எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு. அது அடிக்கணக்கு, மீட்டரில் 198தான். எடையைப் பதிவு செய்யுங்கள். முதல் மூன்று சுடுதல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள், துப்பாக்கி தன்னிலைக்கு வர அவை வேண்டும். பிறகு ஒரே டப்பாவிலிருந்து பத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம். எடுத்துக்காட்டாக இப்படி ஒரு வரிசை வருகிறதென்று வைத்துக்கொள்வோம்: 201, 203, 202, 199, 202, 204, 201, 200, 203, 202. சராசரி 201.7. மிகப் பெரியதற்கும் சிறியதற்கும் வேறுபாடு 5. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.5. குண்டு 0.51 கிராம் என்றால் ஆற்றல் 10.4 ஜூல், எல்லைக்கு வெகு கீழே. புதியவர்கள் சராசரியைத்தான் நண்பர்களிடம் சொல்வார்கள். எனக்கு அந்த 5தான் முக்கியம். நொடிக்கு 170 மீட்டர் அளவில் சுடும் பத்து மீட்டர் போட்டித் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டே உலகப் போட்டிகளில் பதக்கம் வெல்கிறார்கள். வேகம் கூடுவதால் குறி தேறுவதில்லை.

எண்கள் சிதறினால் எங்கே தேடுவது? வேகம் எகிறி, லேசான எண்ணெய்ப் புகையும் கருகல் வாடையும் வந்தால், அது டீசலிங்: பிஸ்டன் அழுத்தும் காற்று கடும் வெப்பமாகி, உள்ளே இருக்கும் பெட்ரோலிய எண்ணெயைக் கொளுத்துகிறது, டீசல் இன்ஜினில் நடப்பது போலவே. எனக்கு வந்த 262 அதுதான். 0.51 கிராம் குண்டு 280 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும் என்பதால் இது வெறும் அளவைப் பிழை அன்று. காற்றுத் துளைக்குள் எண்ணெய் விடாதீர்கள்; விட்டிருந்தால் முப்பது நாற்பது சுடுதலில் எரிந்து அடங்கும், அதுவரை வந்த எண்களை நம்பாதீர்கள். நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண் ஒன்று மட்டும் நடுவில் வந்தால், குண்டுக்கு முன்னே பீறிய காற்றோ புகையோ சென்சாரைத் தூண்டியிருக்கும். வாய்க்கும் கருவிக்கும் இடைவெளி போதவில்லை. எண்ணே வராவிட்டால் பேட்டரியையும் துளைக்குள் படிந்த ஈயத்தூளையும் பாருங்கள். பிசிபியில் வேகம் ஒரே சீராகக் கீழிறங்கிக்கொண்டு போனால் கருவியில் குறையில்லை, உருளையில் காற்று தீர்கிறது. எல்லைக்கு அருகே இருக்கும் துப்பாக்கியானால் இலேசான குண்டு, கனத்த குண்டு இரண்டிலும் அளந்து பார்க்க வேண்டும்; ஸ்பிரிங் வகை பெரும்பாலும் இலேசான குண்டிலும், பிசிபி கனத்த குண்டிலும் தன் உச்ச ஆற்றலைக் காட்டும்.

கருவியையே சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1742இல் வெளியிட்ட ஊசல் முறை அது. குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பத்தக்க வகையில் அளந்தது அதுதான். அந்த ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751இல் நம் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். விருத்தாசலம் வழியாக அரை நாளில் போய்விடக்கூடிய ஊர் என்பதாலோ என்னவோ, அவருடைய ஊசலைக் கட்டிப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து ஊர்க்காரரின் வேலையைச் செய்வதுபோல் எனக்குத் தோன்றும். ஒரு சிறிய மரப்பெட்டியில் ஈரக் களிமண்ணை அழுத்தி, மொத்தம் 500 கிராம் வரும்படி செய்து, இரண்டு இரண்டாக நான்கு நூல்களில் ஒரு மீட்டர் தொங்கலில் கட்டுங்கள். மூன்று மீட்டர் தள்ளியிருந்து நடுவில் சுடுங்கள். அருகே நின்றால் குழலின் காற்றே பெட்டியைத் தள்ளிவிடும். 0.5 கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டரில் புதைந்தால் பெட்டி கிடையாக 6.4 சென்டிமீட்டர் பின்வாங்க வேண்டும். பக்கத்தில் ஸ்கேல் வைத்துச் செல்பேசியில் படம் பிடித்தால் இதைப் படித்துவிடலாம். 3.2 சென்டிமீட்டர் என்றால் 100 மீட்டர், கணக்கு நேர்விகிதம்தான். களிமண் காயக் காய எடை குறையும், ஆகவே சுட்டதும் நிறுங்கள். குண்டு புதையாமல் தெறித்தால் கணக்கு செல்லாது. இந்த ஊசலும் உங்கள் கருவியும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் கருவியைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

சேலத்தில் அளந்த துப்பாக்கியை ஏற்காட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் வேறு எண்ணைக் கண்டு குழம்புகிறார்கள். சேலம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஸ்பிரிங் துப்பாக்கி சுற்றியுள்ள காற்றைத்தான் அள்ளி அழுத்துகிறது. மலையில் அள்ளுவதே குறைவு, ஆகவே வேகம் சற்று இறங்கும். குளிரில் உள்ளிருக்கும் கிரீஸ் கெட்டிப்படுவதும் சேர்ந்துகொள்ளும். பிசிபியின் கதை வேறு. அது தன் காற்றைத் தானே சுமந்து வருகிறது, ஆனால் வெப்பம் அதைப் பாதிக்கும். சேலத்தில் 40 பாகை செல்சியஸ் வெயிலில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டிய உருளை, மேலே 20 பாகையில் 187 பார்தான் காட்டும். கசிவு என்று நினைத்து யாரும் சீலைப் பிரிக்க வேண்டாம். இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது: மலையில் விளிம்புவரை நிரப்பிவிட்டு, கீழே வந்து மூடிய காரின் டிக்கியில் வெயிலில் விட்டால் அழுத்தம் எல்லை மீறும். குறிப்பேட்டில் ஊர், வெப்பநிலை, உருளை அழுத்தம், குண்டின் எடை ஆகிய நான்கையும் வேகத்தோடு சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பங்கள் வாரா. மலையேறியதும் உறையைத் திறந்து அரை மணி நேரம் நிழலில் வைத்த பிறகே அளவெடுங்கள்.

வெடிமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்ற தோட்டக்காரர்கள் சிலர், இதே கருவியை அதில் மாட்டலாமா என்று கேட்கிறார்கள். மாட்டக் கூடாது. வாயில் பொருத்தும் ஏர்கன் கருவி முதல் வெடிப்பின் தீயிலும் அழுத்தத்திலும் சிதறிவிடும். அவற்றுக்கென மேக்னட்டோஸ்பீடு போன்ற வகை இருக்கிறது; குழலின் அடியில் துப்பாக்கிக் கத்தி போல நீட்டிக்கொண்டிருக்கும், குண்டு மேலே கடக்கும்போது காந்தப்புல மாற்றத்தால் உணரும். அங்கும் நேர் பார்க்கக் கோல் உண்டு, பட்டை நழுவும் தொல்லையும் உண்டு. உரிமம் பெற்ற பயிற்சிக் களத்தில், அதன் பொறுப்பாளர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது.

அளந்து முடித்ததும், குண்டில்லை என்பதை மீண்டும் பார்த்துவிட்டுக் கருவியைக் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்போது, குண்டுகள் டார்கெட்டில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்க்கவோ, தொலைநோக்கியைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்தி ஜீரோ செய்யவோ கூடாது. நுனியில் கூடிய எடை குழலின் அதிர்வையும் தொய்வையும் மாற்றுவதால் குண்டு விழும் இடம் மாறும். கழற்றியபின் பத்து மீட்டரில் ஐந்து குண்டுகளைத் தாளில் சுட்டு, பழைய இடத்திலேயே விழுகின்றனவா என்று பாருங்கள். விழவில்லையென்றால் முதலில் மடக்குக் குழலின் கீல் திருகைத் தொட்டுப் பாருங்கள். கருவியின் எடையோடு பலமுறை மடக்கியதில் அது தளர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ட்யூப் துண்டைக் குழலிலேயே விட்டுவிடாதீர்கள், ஏற்காட்டு ஈரத்தில் அதன் அடியில் ஒரே வாரத்தில் துரு பிடிக்கும்.